கட்டியில் கூடியிருக்கும் ஆர்.என்.ஏ. எல்லாம் புற்றுநோயை வளர்க்கிறதா?

தாரகை:

அனைவருக்கும் வணக்கம். உயிரித்தொழில்நுட்பத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்கு எடுத்திருப்பது நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களும் புற்றுநோயும். இனி சுருக்கமாக எல்.என்.சி. ஆர்.என்.ஏ. என்றே எழுதுகிறேன்.

டி.சி.ஜி.ஏ. என்ற புற்றுநோய் மரபணுப் பொதுத் தரவை எடுத்து மார்பகப் புற்றுக் கட்டிகளையும் பக்கத்திலிருந்த நல்ல திசுவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கட்டியில் கூடியவை, குறைந்தவை என்று நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. இதில் எது நோயை வளர்க்கிறது, எது நோய் வளர்வதால் தானாகக் கூடியிருக்கிறது என்று எப்படிப் பிரிப்பது?

இன்னொரு குழப்பம் மாலட்1 என்ற எல்.என்.சி. ஆர்.என்.ஏ. ஒரு கட்டுரை அது புற்றைப் பரப்புகிறது என்கிறது. இன்னொன்று அதே மார்பகப் புற்றில், அதே மாதிரி எலியில், அது பரவலைத் தடுக்கிறது என்கிறது. இரண்டுமே நல்ல ஆய்வகங்கள், நல்ல இதழ்கள். எதை எடுத்துக்கொள்வது?

அகிலன்:

நான் இந்தத் துறை இல்லை, ஆனால் தலைப்பு இழுத்துவிட்டது. ஒரு அடிப்படைக் கேள்வி. ஆர்.என்.ஏ. என்றால் டி.என்.ஏ.விலிருந்து புரதத்துக்குச் செய்தி கொண்டுபோவது என்றுதான் பள்ளியில் படித்தேன். புரதமே செய்யாத ஆர்.என்.ஏ. எதற்கு?

நுண்ணோக்கி:

அகிலன், உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். தாரகையின் கேள்விக்கும் அதுதான் வாசல்.

நம் மரபணுத்தொகுதியில் புரதத்துக்கான குறியீடு இருக்கும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும் பகுதி அதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிப் படியெடுக்கப்பட்டு, 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீளமாக இருந்து, புரதம் செய்யாதவற்றைத்தான் எல்.என்.சி. ஆர்.என்.ஏ. என்கிறார்கள். இந்த 200 என்பது ஆய்வக வசதிக்காக வைத்த வரம்பு. சிறிய ஆர்.என்.ஏ.க்களிலிருந்து பிரித்தெடுக்க அது தோதாக இருந்தது, அவ்வளவுதான். 2023-இல் வந்த ஒரு கூட்டறிக்கை அதை 500 ஆக்கலாம் என்றது. எண்ணிக்கையில் இவை புரதம் செய்யும் மரபணுக்களுக்குச் சளைத்தவை அல்ல. அவை ஏறத்தாழ 20,000 என்றால் இவையும் அதைத் தொட்டுத் தாண்டி நிற்கின்றன.

இவற்றில் சில என்ன செய்கின்றன என்பது ஐயமில்லாமல் தெரியும். எக்ஸிஸ்ட் நல்ல உதாரணம். 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெண்களின் செல்லில் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றின் மேல் இந்த ஆர்.என்.ஏ. படர்ந்து, அதை ஏறக்குறைய முழுக்க வாயடைத்துவிடும். புரதமே செய்யாத ஒரு மூலக்கூறு ஒரு முழுக் குரோமோசோமை அணைக்கிறது. 2013-இல் எலியின் ரத்தச் செல்களில் மட்டும் இதை நீக்கினார்கள். பெண் எலிகளுக்குக் கொடிய ரத்தப் புற்று வந்தது. ஆக, குறியீடு இல்லை என்பதால் வேலையும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் எக்ஸிஸ்ட் அளவுக்கு உறுதியாகத் தெரிந்தவை கைவிரல் விட்டு எண்ணும் அளவே. மிச்சம் ஆயிரக்கணக்கானவற்றில் பல, செல்லுக்கு ஒன்றிரண்டு பிரதிகூட இருப்பதில்லை. பக்கத்து மரபணுவைப் படியெடுக்கும்போது சிதறி விழுந்தவையாகவும் இருக்கலாம். இந்த இரண்டு வகையும் ஒரே பெயரில் ஒரே பட்டியலில் இருப்பதுதான் தாரகையின் சிக்கல்.

தரவுக்காரன்:

தாரகை, அந்த நூற்றுக்கணக்கான பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான் வரும். முதலில் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, கட்டித் துண்டில் இருப்பது புற்றுச் செல் மட்டும் அல்ல. நோயெதிர்ப்புச் செல், ரத்தக்குழாய்ச் செல், நார்த்திசு எல்லாம் கலந்திருக்கும். எல்.என்.சி. ஆர்.என்.ஏ.க்கள் புரத மரபணுக்களைவிடச் செல்வகைக்குக் கட்டுப்பட்டவை. கட்டிக்குள் டி செல்கள் கூட்டமாக நுழைந்தாலே டி செல்லுக்குரிய எல்.என்.சி. ஆர்.என்.ஏ. பத்து மடங்கு கூடியதாகத் தெரியும். புற்றுச் செல்லில் ஒன்றுமே மாறியிருக்காது. மார்பகத்தில் இன்னும் மோசம். நல்ல திசு என்று எடுப்பதில் பெரும்பகுதி கொழுப்பு.

இரண்டு, அது எந்தக் குரோமோசோம் துண்டில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் துண்டே கட்டியில் பல பிரதிகளாகப் பெருகியிருந்தால் அதில் உள்ள அத்தனையும் கூடும். நடுவில் ஒன்றுதான் உண்மையான காரணியாக இருக்கும்.

நுண்ணோக்கி:

தரவுக்காரன் சொன்ன இரண்டாவதுக்குப் பி.வி.டி.1-ஐ விடச் சிறந்த உதாரணம் கிடையாது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தத் துறை எவ்வளவு வழுக்கும் என்பது இதில் தெரியும்.

எட்டாவது குரோமோசோமின் நீண்ட கையில் 8க்யூ24 என்ற இடம். அங்கே எம்.ஒய்.சி. என்ற பேர்போன புற்று மரபணு இருக்கிறது. அதை ஒட்டிப் பக்கத்து வீடு பி.வி.டி.1. புற்றில் அந்தப் பகுதி பெருகும்போது இரண்டும் சேர்ந்தே பெருகும். 2014-இல் ஒரு குழு, எலியில் எம்.ஒய்.சி. மட்டும் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பி.வி.டி.1-உம் சேர்ந்து கூடும்போதுதான் கட்டி வேகமெடுக்கிறது என்று காட்டியது. பி.வி.டி.1-இன் ஆர்.என்.ஏ., எம்.ஒய்.சி. புரதத்தைச் சிதையாமல் காப்பாற்றுகிறது என்பது அவர்கள் விளக்கம். எல்லோரும் பி.வி.டி.1 ஒரு புற்று வளர்ப்பி என்று எழுதத் தொடங்கினார்கள்.

2018-இல் ஹோவர்ட் சாங் குழு வேறொரு கோணத்தில் போனது. மார்பகப் புற்றுச் செல்லில் பி.வி.டி.1-இன் தொடக்கியை, அதாவது படியெடுப்பு தொடங்கும் டி.என்.ஏ. இடத்தை, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு அடைத்தார்கள். பி.வி.டி.1 புற்று வளர்ப்பி என்றால் வளர்ச்சி குறைய வேண்டும் அல்லவா? கூடியது. எம்.ஒய்.சி. ஏறியது. காரணம், அந்த வட்டாரத்தில் படியெடுப்பைத் தூண்டும் டி.என்.ஏ. துண்டுகளான ஊக்கிகளுக்கு இரண்டு தொடக்கிகளும் போட்டி போடுகின்றன. ஒரே வாய்க்காலிலிருந்து இரண்டு வயலுக்கு நீர் பிரிகிறது, ஒரு மடையை அடைத்தால் மொத்த நீரும் அடுத்த வயலுக்குப் பாய்கிறது. பி.வி.டி.1 ஆர்.என்.ஏ.வுக்கு இந்த விளைவில் பங்கே இல்லை என்றும் காட்டினார்கள்.

அப்படியானால் பி.வி.டி.1 நல்லதா கெட்டதா? அந்தக் கேள்வியே சரியில்லை. அந்த இடத்தில் ஒரு டி.என்.ஏ. துண்டு இருக்கிறது, அதில் படியெடுக்கும் செயல் நடக்கிறது, அதிலிருந்து ஒரு ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. மூன்றும் தனித்தனியாக வேலை செய்யலாம், எதிரெதிராகவும் செய்யலாம். எதைத் தொட்டோம் என்று தெரியாமல் விளைவைப் பேச முடியாது.

கயல்விழி:

இதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அப்படியென்றால் கிரிஸ்பர் வைத்து எல்.என்.சி. ஆர்.என்.ஏ. பற்றிச் சொன்ன எதையுமே நம்ப முடியாதா? ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் அடைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டே.

நுண்ணோக்கி:

நம்பலாம், ஆனால் ஆர்.என்.ஏ. முக்கியம் என்று படிக்காமல் அந்த இடம் முக்கியம் என்று படிக்க வேண்டும். நீங்கள் சொல்வது 2017-இல் வந்தது. 16,401 இடங்களை ஏழு செல்வகைகளில் அடைத்துப் பார்த்தார்கள். செல் வளர்ச்சிக்குத் தேவை என்று தேறியவை 499. அவர்களும் எழுதும்போது எல்.என்.சி. ஆர்.என்.ஏ. இடங்கள் என்றுதான் கவனமாக எழுதினார்கள்.

எனக்கு அதில் பிடித்த எண் வேறு. அந்த 499-இல் 89 சதவீதம், ஒரே ஒரு செல்வகையில் மட்டும்தான் வளர்ச்சியைப் பாதித்தது. மற்ற ஆறில் அடைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. புரத மரபணுக்களில் இப்படி இருக்காது. வளர்ச்சிக்கு அத்தியாவசியமானவை பெரும்பாலும் எல்லாச் செல்லுக்கும் அத்தியாவசியம். மருந்து தேடுபவர்களுக்கு இது பெரிய ஆசை காட்டும் செய்தி, ஏனென்றால் புற்றுச் செல்லை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஆனால் ஒரு செல்வகையில் பார்த்ததை வைத்துக்கொண்டு பொதுவாகப் புற்றுநோயில் என்று பேச ஆரம்பித்தால் அதே செய்தி நம் காலை வாரிவிடும்.

தாரகை:

மிக்க நன்றி. அந்த 89 சதவீதத்தைப் படித்ததும் என் பட்டியலை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. மாலட்1 பற்றியும் சொல்லுங்கள் சார், வழிகாட்டி அதைத்தான் முதலில் கேட்பார்.

நுண்ணோக்கி:

சரி, மாலட்1. வருட வரிசையில் போனால்தான் புரியும்.

2003-இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரத்துக் குழு, தொடக்க நிலை நுரையீரல் புற்று நோயாளிகளின் கட்டிகளை எடுத்தது. பின்னாளில் புற்று பரவியவர்கள், பரவாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது, பரவியவர்களின் கட்டியில் ஒரு ஆர்.என்.ஏ. அதிகமாக இருந்தது. பெயரிலேயே பரவல், நுரையீரல் புற்று இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அப்போது அது செல்லில் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மாலட்1 சாதாரண எல்.என்.சி. ஆர்.என்.ஏ. அல்ல. சுமார் 8,000 நியூக்ளியோடைடு நீளம், உட்கருவில் ஏராளமாகக் கிடக்கும், ஏறக்குறைய எல்லாத் திசுவிலும் உண்டு. அதன் வால்முனை மூன்றிழைச் சுருளாக மடிந்துகொள்வதால் எளிதில் சிதையாது. பாலூட்டிகளில் வரிசை நன்றாகக் காக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு அம்சம் உள்ள ஒன்று உயிருக்கு அவசியமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2012-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே மாலட்1 இல்லாத எலிகளை உருவாக்கின. எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டி போட்டன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த முடிவு புற்று ஆய்வாளர்களைச் சோர்வடையச் செய்யவில்லை, மாறாக உற்சாகப்படுத்தியது. நல்ல உடலுக்குத் தேவையில்லை, கட்டிக்குத் தேவை என்றால் அதைவிட நல்ல மருந்து இலக்கு எது? 2013-இல் நுரையீரல் புற்றுச் செல்லில் அதை அடியோடு குறைத்தபோது எலியில் பரவல் குறைந்தது. 2016-இல் டேவிட் ஸ்பெக்டர் ஆய்வகம் மார்பகப் புற்று எலியில் மாலட்1-ஐ நீக்கியும் பார்த்தது, ஆர்.என்.ஏ.வில் ஒட்டி அதைச் சிதையவைக்கும் ஆன்டிசென்ஸ் மருந்து கொண்டு குறைத்தும் பார்த்தது. இரண்டு வழியிலும் கட்டி மெதுவாகி, பரவல் குறைந்தது.

2018-இல் லி மா குழு அதே வகை மார்பகப் புற்று எலியை எடுத்தது. ஆனால் மாலட்1-ஐ வெட்டி எடுக்கவில்லை. தொடக்கத்திலேயே படியெடுப்பை நிறுத்தும் ஒரு சிறு துண்டைச் செருகி ஆர்.என்.ஏ. வராமல் செய்தது. இப்போது நுரையீரலுக்குப் பரவல் கூடியது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். வேறொரு குரோமோசோம் இடத்திலிருந்து மாலட்1-ஐத் திரும்பக் கொடுத்தார்கள். பரவல் மறுபடி இறங்கியது. டி.இ.ஏ.டி. என்ற புரதத்தைப் பிடித்து அது பரவலை அடக்குகிறது என்பது அவர்கள் விளக்கம்.

எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன். திரும்பக் கொடுத்துப் பார்த்த சோதனைக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். மரபணுவை வெட்டி எடுத்தால், அதோடு போன டி.என்.ஏ.வில் பக்கத்து மரபணுக்களை ஆட்டுவிக்கும் துண்டு ஏதாவது இருந்ததா என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். திரும்பக் கொடுத்ததும் பழைய நிலை வந்தால், அந்த ஆர்.என்.ஏ.தான் காரணம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். ஆனால் 2016 ஆய்வையும் தள்ள முடியாது. ஆன்டிசென்ஸ் டி.என்.ஏ.வை வெட்டுவதில்லை, அது ஆர்.என்.ஏ.வைத்தான் சிதைக்கிறது. ஆக, மார்பகத்தில் வழக்கு இன்னும் நடக்கிறது. நுரையீரலில் சாட்சிகள் பெரும்பாலும் ஒரு பக்கம். 2024-இல்கூட நுரையீரல் கட்டி எலியில் மாலட்1-ஐக் கூட்டியபோது பரவல் கூடியதாக ஒரு ஆய்வு வந்தது. திட்டப்பணியில் இப்படியே எழுதுங்கள், இந்த உறுப்பில் இந்த முறையில் இந்த முடிவு என்று. மாலட்1 புற்றை வளர்க்கிறது என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள்.

தரவுக்காரன்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். மாலட்1-இலும் பக்கத்தில் உள்ள நீட்1-இலும் கட்டிகளில் டி.என்.ஏ. மாற்றங்கள் குவிந்திருக்கின்றன. புரத மரபணுவில் இப்படிக் குவிந்தால் அது புற்றின் இயக்கி என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஆயிரக்கணக்கான கட்டிகளின் முழு மரபணுத்தொகுதியை அலசிய 2020 கூட்டாய்வு, இவை ஓயாமல் படியெடுக்கப்படும் இடங்கள் என்பதால் தேய்ந்து உண்டாகும் மாற்றங்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. அளவு கூடினாலும் காரணம் என்று ஆகாது, மாற்றங்கள் குவிந்தாலும் ஆகாது.

கயல்விழி:

நுண்ணோக்கி, நான் கொஞ்சம் மறுக்கிறேன். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எதையுமே ஏற்க முடியாது போலிருக்கிறது. ஹோட்டேர் என்ற எல்.என்.சி. ஆர்.என்.ஏ. இருக்கிறதே? 2010-இல் மார்பகப் புற்றில் அதைக் கூட்டியபோது பரவல் கூடியது, பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டத்தை வழிமாற்றி அனுப்பி மரபணுக்களை அணைக்கிறது என்று தெளிவாகக் காட்டினார்கள். அதோடு மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஸ்பாஞ்ச் போல உறிஞ்சும் எல்.என்.சி. ஆர்.என்.ஏ.க்கள் பற்றி எத்தனை கட்டுரை! நானும் அந்த வழியில்தான் வேலை செய்கிறேன்.

நுண்ணோக்கி:

கயல்விழி, ஹோட்டேர் நோயோடு கொண்ட தொடர்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழிமுறை ஆட்டம் கண்டது. 2017-இல் மார்பகப் புற்றுச் செல்லில் பி.ஆர்.சி.2-ஐயே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அது இல்லாமலும் ஹோட்டேர் மரபணுக்களை அணைத்தது. பி.ஆர்.சி.2 எந்த ஆர்.என்.ஏ.வைக் கண்டாலும் ஒட்டும் குணம் உள்ளது என்பதால், ஒட்டியிருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் கணக்கைப் பாருங்கள். 2014-இல் எலியின் கல்லீரல் செல்லில் மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வைத்து எண்ணினார்கள். அதை உறிஞ்சி மற்ற இலக்குகளை விடுவிக்க வேண்டுமானால், செல்லுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் புதிய பிணைப்பிடங்கள் சேர வேண்டியிருந்தது. இப்போது ஒரு எல்.என்.சி. ஆர்.என்.ஏ.வை எடுங்கள். செல்லுக்கு இருபது பிரதி, ஒவ்வொன்றிலும் இரண்டு பிணைப்பிடம் என்றால் மொத்தம் நாற்பது. நாற்பதை வைத்து என்ன உறிஞ்ச முடியும்? மிர்-122 கல்லீரலில் மிக அதிகம், குறைவாக உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் நிலைமை மாறலாம். அதனால்தான் முதலில் இரண்டின் பிரதி எண்ணிக்கையையும் உங்கள் செல்லில் எண்ணுங்கள் என்கிறேன். ஒட்டுகிறதா என்று ஒளியால் காட்டும் லூசிஃபெரேஸ் சோதனையில் இரண்டையும் வெளியிலிருந்து அள்ளிக் கொட்டினால் ஒட்டத்தான் செய்யும்.

கயல்விழி:

எண்ணிக்கைப் பேச்சு நியாயம். எங்கள் செல்லில் அது உட்கருவில் இருக்கிறதா சைட்டோபிளாசத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்திருக்கிறோம், சைட்டோபிளாசத்தில்தான் இருக்கிறது. பிரதி எண்ணிக்கையை டிஜிட்டல் பி.சி.ஆரில் எண்ணிவிட்டு இங்கேயே வந்து சொல்கிறேன். ஆனாலும் ஒன்று. உட்கருவிலேயே தங்கிவிடும் எல்.என்.சி. ஆர்.என்.ஏ.வைக்கூட ஸ்பாஞ்ச் என்று எழுதும் கட்டுரைகளை என் வேலையோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

தரவுக்காரன்:

அந்த மாதிரிக் கட்டுரைகளில் கணிசமானவை உண்மையில் செய்து பார்த்த சோதனையே அல்ல என்ற கவலை துறைக்குள் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜெனிஃபர் பைர்ன் பல வருடமாக இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். கட்டுரையில் கொடுத்திருக்கும் ப்ரைமர், அதாவது குறிப்பிட்ட மரபணுவை அளக்கப் பயன்படும் சிறு டி.என்.ஏ. துண்டு, அதன் வரிசையை எடுத்துத் தேடினால் வேறு மரபணுவில் போய் நிற்கும். அந்த மரபணுவை அவர்கள் தொடவே இல்லை என்று அர்த்தம். குறைவாக அறியப்பட்ட மரபணு, ஒரு புற்று வகை, ஒரு செல்வகை, நான்கு வழக்கமான படங்கள் என்று அச்சில் வார்த்தது போலக் கட்டுரைகளை விற்கும் கூடங்கள் இருக்கின்றன. எல்.என்.சி. ஆர்.என்.ஏ. அவற்றுக்குத் தோதான களம், ஏனென்றால் ஆயிரக்கணக்கில் பெயர்கள், சரிபார்க்க ஆள் இல்லை.

தாரகை, நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் ஒவ்வொரு கட்டுரையின் ப்ரைமர் வரிசையையும் பிளாஸ்ட் என்ற வரிசை தேடும் கருவியில் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

இளவேனில்:

நான் நோயியல் மருத்துவர். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். காரணம், காரணம் என்றே பேசுகிறீர்கள். என் மேசையில் காரணம் தெரியாமலே பயன்பட்ட எல்.என்.சி. ஆர்.என்.ஏ. ஒன்று உண்டு, அதையும் பதிவு செய்கிறேன்.

புராஸ்டேட் புற்றில் பி.சி.ஏ.3. 1999-இல் அறிவிக்கப்பட்டது. அப்போது பார்த்த புராஸ்டேட் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. புராஸ்டேட் புற்றைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் தொல்லை உங்களுக்குத் தெரியும். சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும் ஏறும், அழற்சி வந்தாலும் ஏறும். பயாப்சி எடுத்துப் பார்த்தால் புற்று இருக்காது. ஆனால் பி.எஸ்.ஏ. இறங்கவும் இறங்காது. மறுபடி ஊசி குத்துவதா வேண்டாமா என்று நோயாளியும் மருத்துவரும் தவிக்கும் இடம் அது. அங்கேதான் பி.சி.ஏ.3 வந்தது. விரலால் புராஸ்டேட்டை அழுத்திப் பரிசோதித்ததும் முதலில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். அதில் உதிர்ந்த செல்கள் இருக்கும். பி.சி.ஏ.3 ஆர்.என்.ஏ.வுக்கும் பி.எஸ்.ஏ. ஆர்.என்.ஏ.வுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுவார்கள். மதிப்பெண் 25-க்குக் கீழே என்றால் மறு பயாப்சியில் புற்று கிடைக்கும் வாய்ப்பு குறைவு. 2012-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

அப்போது பி.சி.ஏ.3 செல்லில் என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தான் எதிர்த்திசையில் உட்கார்ந்திருக்கும் புரூன்2 என்ற மரபணுவை அடக்குகிறது என்ற விளக்கம் 2015-இல்தான் வந்தது. இப்போது எம்.ஆர்.ஐ. முன்னுக்கு வந்துவிட்டதால் பி.சி.ஏ.3-இன் இடம் சுருங்கிவிட்டது, அது வேறு கதை. ஆனால் அடையாளமாகப் பயன்பட, காரணமாக இருக்க வேண்டியதில்லை. வேறு எங்கும் இல்லாமல் அங்கே மட்டும் இருந்தால் போதும். தாரகை, உங்கள் பட்டியலில் எதுவும் காரணியாகத் தேறாவிட்டாலும், ஒன்றிரண்டு நல்ல அடையாளமாகத் தேறலாம். அதற்கான சோதனையே வேறு. அதற்குச் செல் வளர்ப்பு போதாது, நிறைய நோயாளிகளின் மாதிரி வேண்டும்.

மணிமாறன்:

மன்னிக்கவும், நான் படித்தவன் இல்லை இந்த விஷயத்தில். என் தம்பிக்கு நுரையீரல் புற்று. இணையத்தில் இந்த ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் சிகிச்சை என்று படித்தேன். மாலட்1 என்றுதான் அதிலும் இருந்தது. உண்மையில் அப்படி மருந்து இருக்கிறதா? ரத்தத்தில் பார்த்துச் சொல்கிறோம் என்றும் ஒரு விளம்பரம் வந்தது.

இளவேனில்:

மணிமாறன் அவர்களே, மாலட்1-ஐக் குறைக்கும் மருந்து இன்று நோயாளிகளுக்குக் கொடுக்க எதுவும் கிடையாது. இங்கே பேசியவை செல்லிலும் எலியிலும் செய்தவை. தனியொரு எல்.என்.சி. ஆர்.என்.ஏ.வை ரத்தத்தில் பார்த்து நுரையீரல் புற்றுக்கு மருந்து முடிவு செய்யும் நடைமுறையும் இல்லை. அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் உங்கள் தம்பியின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்கள் பார்த்தார்களா, பி.டி.-எல்1 என்ற புரதத்தைப் பார்த்தார்களா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றுக்கு ஏற்ற மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன. அறிக்கை கையில் இருந்தால் அதில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தம்பி தேறி வர வேண்டும்.

மணிமாறன்:

நன்றி டாக்டர். அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு வரி இருக்கிறது. நாளைக்கே கேட்கிறேன்.

கயல்விழி:

மருந்துப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எந்த எல்.என்.சி. ஆர்.என்.ஏ.வையும் குறிவைத்து ஒப்புதல் பெற்ற புற்று மருந்து ஒன்றுகூடவா இல்லை?

நுண்ணோக்கி:

ஒன்று இருக்கிறது என்று நான் வாதிடுவேன். டெலோமரேஸ் நொதியைத் தெரியும் அல்லவா? குரோமோசோம் முனைகள் தேயாமல் நீட்டித் தருவது, பெரும்பாலான புற்றுச் செல்களை ஓயாமல் பெருகவைப்பது. அதன் மையத்தில் இருப்பது புரதம் செய்யாத ஒரு ஆர்.என்.ஏ., பெயர் டெர்க், நீளம் 451. அந்த ஆர்.என்.ஏ.வின் வார்ப்புப் பகுதியில் போய் ஒட்டி நொதியை முடக்கும் சிறு மருந்துதான் இமெடெல்ஸ்டாட். 2024 ஜூனில் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடைத்தது. எலும்பு மஜ்ஜை ரத்தச் செல்களைச் சரியாக உண்டாக்காத மைலோடிஸ்பிளாஸ்டிக் நோயின் குறைந்த ஆபத்து வகையில், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு. 200 வரம்பை வைத்தால் டெர்க் உள்ளே, 500 வைத்தால் வெளியே, அதனால் சிலர் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் குறியீடற்ற ஒரு ஆர்.என்.ஏ.வைப் பிடித்து ரத்தப் புற்றுக் குடும்பத்தைச் சேர்ந்த நோயில் பலன் எடுக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

அடுத்து நான் ஆவலாகப் பார்ப்பது சாம்சன் என்ற எல்.என்.சி. ஆர்.என்.ஏ. மெலனோமா என்ற தோல் புற்றின் கட்டிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இருக்கிறது, சாதாரணத் திசுக்களில் கிட்டத்தட்ட இல்லை. 2016-இல் பெல்ஜியக் குழு, நோயாளியின் கட்டியை எலியில் வளர்த்து, ஆன்டிசென்ஸ் கொடுத்து அதைக் குறைத்தபோது கட்டி வளர்ச்சி தடுமாறியது. தடை எங்கே என்றால், ஆன்டிசென்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றினால் பெரும்பகுதி கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடுகிறது. தோலிலிருந்து கிளம்பி மூளையிலும் நுரையீரலிலும் உட்கார்ந்த கட்டிக்குப் போதிய அளவு கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை.

தாரகை:

எல்லோருக்கும் நன்றி. வழிகாட்டியிடம் பேசினேன். பட்டியலில் பெருகிய குரோமோசோம் துண்டுகளில் இருந்தவற்றையும், நோயெதிர்ப்புச் செல்லிலிருந்து வந்தவற்றையும் கழித்தேன். தனிச்செல் தரவோடு ஒப்பிட்டதில் புற்றுச் செல்லிலேயே இருப்பவை கொஞ்சம்தான் மிஞ்சின. அதில் ஒன்றை ஆய்வகத்தில் குறைத்துப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. குறிவைத்த ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் எஸ்.ஐ. ஆர்.என்.ஏ. கையிருப்பில் இருக்கிறது, அது போதுமா?

நுண்ணோக்கி:

முதலில் அது செல்லில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எஸ்.ஐ. ஆர்.என்.ஏ. சைட்டோபிளாசத்தில் நன்றாக வேலை செய்யும், உட்கருவில் சொதப்பலாம். உட்கருவில் இருந்தால் கேப்மர் வகை ஆன்டிசென்ஸ் வாங்குங்கள், ஆர்னேஸ் எச் என்ற நொதி ஆர்.என்.ஏ.வை உட்கருவிலேயே வெட்டிவிடும். எதுவானாலும் வெவ்வேறு இடத்தைக் குறிவைக்கும் இரண்டு வரிசைகள் வேண்டும். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால்தான் பேச்சு.

அப்புறம் அந்த ஆர்.என்.ஏ.வில் சிறிய புரதக் குறியீடு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹாக்ஸ்பி-ஏ.எஸ்.3 குறியீடற்றது என்று பட்டியலிட்டிருந்தார்கள். 2017-இல் பார்த்தால் 53 அமினோ அமிலமுள்ள ஒரு குட்டிப் புரதத்தைச் செய்கிறது, குடல் புற்றை அடக்குவதே அந்தப் புரதம்தான்.

கடைசியாக, முடிந்தால் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். ஆன்டிசென்ஸ் ஒட்டும் இடத்தில் மட்டும் வரிசையை மாற்றிய ஒரு பிரதியைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் வைத்துக் கொடுத்தால் அதை மருந்து தொடாது. அளவை இயற்கையில் இருப்பதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வைரஸ் தொடக்கியைப் போட்டால் நூறு மடங்கு ஏறிவிடும், அப்போது நீங்கள் பார்ப்பது வேறு உயிரியல்.

தாரகை:

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் மட்டும் இயங்கும் பிளாஸ்மிட் பக்கத்து ஆய்வகத்தில் இருக்கிறது. அளவைக் கூட்டிக் குறைக்க அது சரியாக வருமா?

நுண்ணோக்கி:

வரும். டாக்சிசைக்ளினே மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யும் என்பதால், பிளாஸ்மிட் இல்லாத செல்லுக்கும் அதே அளவு மருந்து கொடுத்து ஒரு கட்டுப்பாடு வைத்துவிடுங்கள். உட்கருப் பிரிப்பு முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், கேப்மர் வரிசையைச் சேர்ந்து பார்க்கலாம்.